மலையில் நடந்த குற்றம்

மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் மாத நாவல்களைப் புரட்டிப் பாருங்கள். மலையில் நடக்கும் கொலைக்கதைக்கு எப்போதும் தனி மவுசு. பனி, எஸ்டேட் பங்களா, பள்ளத்தாக்கில் ஒரு பிணம், சென்னையிலிருந்து போகும் துப்பறிவாளர். எனக்கும் பிடித்தமான கதைகள்தான். ஆனால் மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அதில் என்ன வேலை? வாட்ச்மேன், வழிகாட்டி, மிஞ்சினால் சந்தேகப் பேர்வழி.

நிஜத்தில் நடந்த குற்றங்களையும் அப்படித்தான், மலைமக்களை ஓரத்தில் விட்டுவிட்டுக் கேட்டோம். 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமார், சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தார். சென்னை ராயப்பேட்டையிலிருந்து நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் கோபால் தூது போனார். வீரப்பன் அடுத்து என்ன செய்வார் என்பதுதான் டீக்கடை வரை பேச்சு. 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும் கதை முடிந்ததென்று நினைத்தோம்.

அதே சந்தன மரத்தின் பெயரால் நடந்த இன்னொரு குற்றம் உண்டு. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் ஊர். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டினார்கள். அடித்தார்கள். இளம்பெண்கள் 18 பேரை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், குடிதண்ணீர்க் கிணற்றைக்கூட விடவில்லை, பாழாக்கினார்கள். பிறகு அந்தப் பெண்களையே சிறையில் அடைத்தார்கள்.

மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் நல்லசிவன் நீதிமன்றப் படியேறினார். மலைவாழ் மக்கள் சங்கம் துணை நின்றது. சி.பி.ஐ. விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டு, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. நீதிபதி அதற்குமுன் நேரில் போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்தவர்.

இந்த வழக்கில் துப்பறிவாளர் யார்? அடையாள அணிவகுப்பில் நின்றவர்களை முகம் பார்த்து, இவன்தான் என்று அடையாளம் காட்டிய பெண்கள்தான். மிரட்டலுக்கு அசையாமல் 19 வருஷம் ஒரே சாட்சியைச் சொன்னார்கள். எந்த நாவலிலும் இவ்வளவு நெஞ்சுரம் உள்ள பாத்திரத்தை நான் படித்ததில்லை.

மலையை வைத்துக் குற்றக்கதை எழுத உட்காரும் இளம் எழுத்தாளர்களே, முதலில் வாச்சாத்தித் தீர்ப்பைப் படியுங்கள். பிறகு எழுதுங்கள்.