முதியோர் மூட்டுவாதமும் நித்திரையும்
(செண்பகனூரில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



செண்பகனூர் கண்ணுக்கு இனிய ஊர். முழங்காலுக்கோ அத்துணை இனியதன்று. கடைக்காயினும் கோயிலுக்காயினும் ஏற்ற இறக்கமின்றி நடத்தல் அரிது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரும் கடுமையாகும். மூட்டுவாதங் கொண்ட நம் முதியோரைக் காலையில் கண்டால், "கால் வலி எப்படி?" என்று கேட்கிறோம். "இராத்திரி உறங்கினீர்களா?" என்று கேட்பாரைக் காணோம். அக்கேள்வியே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

வலியினால் உறக்கங் கெடுமென்பது யாவரும் அறிந்ததே. உறக்கங் கெடுவதனாலும் வலி மிகும் என்பதைப் பலர் அறியார். 1975-ஆம் வருஷத்தில் கானடா தேசத்து மோல்டாப்ஸ்கி என்னும் வைத்தியரும் அவரைச் சார்ந்தோரும், நோயற்ற சிலருடைய ஆழ்ந்த நித்திரையைச் சில இரவுகள் கலைத்துப் பார்த்தனர். அவர்களுக்குத் தசைநோவு தோன்றிற்று. உறக்கங் குறையின் மூளை வலியை மிகுத்து உணர்கிறதென்று பின்வந்த ஆராய்ச்சிகளும் காட்டின. வலி உறக்கத்தைக் கெடுக்க, உறக்கமின்மை வலியை வளர்க்கின்றது. நம் சித்த வைத்தியத்தார், அடக்கலாகாத 14 வேகங்களுள் நித்திரையையும் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இதற்குப் பரிகாரம் யாது? அமெரிக்காவில் மூட்டுத்தேய்வும் உறக்கமின்மையுமுள்ள 327 முதியோரைக்கொண்டு செய்த பரிசோதனையொன்று 2021-இல் வெளியாயிற்று. தொலைபேசி வாயிலாக ஆறு முறை உறக்கப்பயிற்சி பெற்றோர்க்கு, ஓராண்டு கழிந்தும் நல்லுறக்கம் நிலைத்தது; சோர்வும் குறைந்தது. வலியோ முதலில் தணிந்ததேயன்றி, அத்தணிவு ஓராண்டு நிலைக்கவில்லை. ஆதலின் உறக்கமொன்றே மூட்டுக்கு ஒளஷதமென்று நாம் கூறோம். வைத்தியமும் வேண்டும், தேகப்பயிற்சியும் வேண்டும், அவற்றோடு உறக்கமும் வேண்டும்.

அப்பயிற்சியின் சாரம் எளிதே. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல்; உறக்கம் வந்த பின்னரே படுத்தல்; பகலுறக்கத்தைச் சுருக்குதல்; மாலைக்குமேல் காப்பியை விடுதல். குளிருக்கஞ்சி ஏழு மணிக்கே கம்பளிக்குள் புகுவோர்க்கு இரண்டு மணிக்கு விழிப்பு வருதல் இயல்பேயன்றோ? உறக்கம் வராதபோது புரண்டு கிடவாமல், எழுந்து, போர்த்துக்கொண்டு சற்று அமர்ந்திருத்தல் நலம்.

வைத்தியரைக் கேளாது கடையில் வாங்கும் வலிமாத்திரைகள் நாளடைவில் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக்கூடும். தூக்க மாத்திரையோ இரவில் எழும் முதியோரை வீழ்த்தவுங்கூடும். வயது முதிர்ந்தால் உறக்கமும் போகும், வலியும் வருமென்று வாளாவிருத்தலும் தகாது. குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வருமாயின் அதனையும் வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும்.

அன்பர்களே! நம் இல்லத்துப் பெரியோர் பிறர்க்குச் சுமையாகலாகாதென்று தம் இரவுத் துன்பத்தை மறைப்பர். கேட்பது நம் கடமை. வைத்தியரிடம் செல்லுங்கால் வலியையும் உறக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.