கர்ப்பிணி மகள் முடிக்கு வண்ணம் பூசலாமா?



உங்களில் பலர் பாட்டி, தாத்தா ஆனவர்கள், சிலர் ஆகப்போகிறவர்கள். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ ஒரு நாள் சலூனுக்குப் போய், முடியில் ஆங்காங்கே பழுப்பு நிறக் கீற்றுகளோடு வீடு திரும்புகிறாள். "ஹைலைட்ஸ் போட்டேன்மா" என்கிறாள். உங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று கேட்கிறீர்கள், அவள் முகம் சுருங்குகிறது. இப்படிப்பட்ட மனத்தாங்கல்கள் பல வீடுகளில் நடப்பதால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

நாம் பார்க்கும் முடி உயிரற்றது. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள வேரில்தான். ஹைலைட்ஸ் போடும்போது முடியைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து, அலுமினியத் தாளில் வைத்து, முடியின் மேல் மட்டும் மருந்தைத் தடவுகிறார்கள். அது தலைத்தோலில் அதிகம் படுவதில்லை. தலை முழுவதும் டை அடித்தாலும்கூட, தோல் வழியே உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு. இதுவரை நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை. ஆனாலும், எப்போதாவது முடிக்கு வண்ணம் பூசுவதால் குழந்தைக்குத் தீங்கு வருவதாக அவை காட்டவில்லை. முதல் 12 வாரங்களில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. எனவே அது கழியும்வரை பொறுத்திருப்பது நல்லது என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பே போட்டுக்கொண்டு விட்டாள் என்றால், அதற்காக அவளைக் கலங்க வைக்க வேண்டாம்.

காற்றோட்டமான இடத்தில் செய்துகொள்ளட்டும். வீட்டில் செய்தால் கையுறை போடட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தலையில் வைத்திருக்காமல் நன்றாக அலசட்டும். சுருள் முடியை நேராக்கும் சில சிகிச்சைகள் வேறு கதை. அவற்றில் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைட் என்ற வாயு வெளியாகி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கர்ப்ப காலத்தில் அது வேண்டாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். மகளின் ஹைலைட்ஸைவிட உங்கள் கறுப்பு டைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நிரந்தரமாகக் கறுப்பாக்கும் டைகளில் பெரும்பாலானவற்றில் பிபிடி என்ற இரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். தலை அரிக்கும், காதோரம் கொப்புளம் வரும், மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாதபடி இமை வீங்கும். "இருபது வருஷமா இதையேதான் அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஒவ்வாமை எத்தனை வருடம் கழித்தும் வரலாம். முதலில் லேசான அரிப்பாக வந்தது, அடுத்த முறை பெரிதாக வரும். பெட்டியில் "அம்மோனியா இல்லை", "மூலிகை" என்று எழுதியிருப்பதால் பிபிடி இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்பே, பெட்டியில் சொல்லியுள்ளபடி, காதுக்குப் பின்னால் சிறிதளவு தடவிப் பாருங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 995 எண்ணை அழையுங்கள்.

மருதாணி பற்றியும் கேட்பீர்கள். அசல் மருதாணி செம்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோதான் பிடிக்கும். சீக்கிரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும். அதை வளைகாப்புக்குக் கையில் வைத்துப் புண்ணானவர்கள், பிறகு தலைக்கு டை அடிக்கவே முடியாமல் போகலாம்.

பிறந்த குழந்தைக்கு மருதாணி வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தையின் கையிலோ காலிலோ மருதாணி பூசினால், இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். அலமாரியில் போடும் அந்துருண்டைக்கும் இதே ஆபத்து உண்டு. பேரப்பிள்ளைக்கென்று ஆசையாக எடுத்து வைத்த பழைய துணியில் அந்த வாசனை இருந்தால், அதைப் பிள்ளைக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, முடி கொட்டுவது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் காரணமாக முடி வழக்கம்போல் உதிராமல் நிற்கிறது, அடர்த்தியாகத் தெரிகிறது. பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதங்களில், நின்றுபோன அத்தனையும் சேர்ந்து கொட்டும். குளியலறைத் தரையில் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பார்த்து அவளே அழுதுகொண்டிருப்பாள். "அன்னைக்கே சொன்னேன், கலர் அடிக்காதேன்னு" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். அது காரணமும் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் முடி பழையபடி வந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது சமையலறையில் இருக்கிறது. பத்தியம் என்று மீன், முட்டை, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் இரும்புச்சத்தும் புரதமும் எங்கிருந்து வரும்? சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். தலைக்குக் குளித்தபின் சாம்பிராணிப் புகை போடும் வழக்கம் இருந்தால், மின்விசிறிக் காற்றில் முடியை உலர்த்தச் சொல்லுங்கள். பச்சைக் குழந்தையின் நுரையீரல் புகையைத் தாங்காது. தேங்காய் எண்ணெய் தடவலாம். அது முடி உடைவதைக் குறைக்கும், ஆனால் புதிதாக முளைக்க வைக்காது. ஈர முடியை இழுத்துச் சீவி, இறுக்கிப் பின்ன வேண்டாம்.

ஒரு வருடம் தாண்டியும் கொட்டினாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, அதோடு அதிகச் சோர்வும் இருந்தாலோ, குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இது உங்களுக்கும் பொருந்தும்: எழுபது வயதில் திடீரென முடி மெலிந்தால், வயதுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.