மய்யித்தின் கடனும் வாரிசுகளின் கடமையும்

(வீரசோழன் மஹல்லா குடும்பங்கள் கூடிய அமர்வில் ஆற்றிய உரை)

 

ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாரிசுகளில் ஒருவர் எழுந்து, "மர்ஹூம் அவர்கள் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அதை நிறைவேற்றுவது எப்படி என்பதை எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் மவுத்தில் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அவர் ஆட்டு வியாபாரி. சந்தையில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் வாய்ச்சொல்தான். ஆனாலும் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். வாங்கியது, கொடுத்தது, தேதி, ஊர் எல்லாம் அதில் எழுதியிருந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் அதைப் பிரித்தார்கள். அறிவிப்பைக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். நோட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். மீதி மூவரில் ஒருவர் திருச்சுழிப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு பாட்டி. இரண்டு கிடாய்க்குப் பணம் பாக்கி. பள்ளிவாசலில் சொன்னது அவர் காதுக்கு எப்படிப் போகும்? தேடிப்போய்க் கொடுத்தோம். "பாய் போயிட்டாரா? அவருகிட்ட இருக்குற காசு எங்க போயிரும்னுதான் நான் கேக்கல" என்று கண் கலங்கினார். கேட்டு வருபவருக்கு மட்டும் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டியின் கடன் அப்படியே நின்றிருக்கும்.

கடன் உள்ள ஒரு தோழரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாங்கள் முன்னின்று தொழவைக்காமல் மற்றவர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். வஸிய்யத்தும் கடனும் போகத்தான் வாரிசுகளுக்குப் பங்கு என்று 4:11, 12 வசனங்கள் கூறுகின்றன. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். இவற்றைத் தீர்க்காமல் வீட்டையும் புஞ்சையையும் பிரிக்கப் பேச்செடுப்பது முறையல்ல. பிரிக்கும்போது பெண்மக்களின் பங்கை மறப்பதும் முறையல்ல.

இன்னொன்றும் கண்டோம். ஹிஜ்ரி 8-ல் மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று நாளும் சோறு வந்ததால், எங்கள் பெரியவர் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கவில்லை. விருந்துக்கென்று புதுக்கடனும் ஏறவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு இத்தா 4 மாதம் 10 நாள். மூன்று நாளோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா? அரிசி பருப்பு வாங்கித் தருவது யார், கரண்ட் பில் கட்டுவது யார் என்று அந்தந்தத் தெருக்காரர்கள் பேசி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் நம்மிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை மனைவிக்கும் மக்களுக்கும் சொல்லுங்கள். சவூதியிலும் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். மவுத்துக்கு வயது தெரியாது.

கடனில்லாதவர்களாக நம்மை அல்லாஹ் அழைத்துக்கொள்வானாக! ஆமீன்.