துண்டுத்தாள் சாட்சி சொல்லும்!

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் நமது தெருக்கள் எப்படிக் காட்சி தரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முந்திய நாள் வரையில் கதவு கதவாகத் தட்டி, கை கூப்பிக் கொடுத்து வந்த துண்டறிக்கைகள் சாக்கடை ஓரத்திலே கிடக்கும். கட்டுக்கட்டாக மிஞ்சியவை பழைய தாள் வாங்கும் கடைக்குப் போகும். சில நாள் கழித்து, நமது தலைவரின் படத்திலேயே வேர்க்கடலை மடித்துத் தரப்படும்! இரவெல்லாம் விழித்திருந்து அச்சிட்டவனின் உழைப்பும், காசு கொடுத்தவனின் உள்ளமும், எழுதியவனின் எண்ணமும் அத்துடன் முடிந்தன என்று நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

முடிந்துவிடவில்லை தோழர்களே! அந்தத் தாளுக்கு வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். இதை நான் அயர்லாந்து நாட்டை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்ல விரும்புகிறேன். டிவேலராவின் நாடு அது. நமது மேடைகளிலே பல்லாண்டு ஒலித்த பெயர் அது. அந்த நாட்டிலே பழைய தேர்தல் துண்டறிக்கைகளையும், சுவரொட்டிகளையும், மார்பிலே குத்திக்கொள்ளும் சின்னங்களையும் தேடித் தேடிச் சேர்த்து வைப்போர் இருக்கிறார்கள். பொழுது போக்குக்காகவா? பொழுதும் போகும், ஆனால் அவர்கள் காப்பது ஒரு நாட்டின் நினைவை!

1917ஆம் ஆண்டு. டப்ளின் நகரிலே ஈஸ்டர் எழுச்சி நசுக்கப்பட்டு ஓராண்டு ஆகிறது. தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பலர் சிறையிலே. மே திங்களில் தெற்கு லாங்போர்டு தொகுதியில் இடைத்தேர்தல் வருகிறது. வேட்பாளராக நிறுத்தப்பட்ட ஜோசப் மெக்கின்னஸ் இங்கிலாந்தின் லூயிஸ் சிறையிலே கைதி! வேட்பாளர் வாக்குக் கேட்டு வர முடியாது. மேடை ஏற முடியாது. அவருக்காகப் பேசியது ஒரு தாள். சிறை உடையிலே ஒரு மனிதனின் படம். அதனோடு ஒரே ஒரு வாசகம். வெளியே கொண்டுவர உள்ளே அனுப்புங்கள் என்பது அதன் பொருள். நாடாளுமன்றத்துக்குள் அனுப்புங்கள், சிறையிலிருந்து வெளியே வருவார் என்று வாக்காளர்கள் புரிந்துகொண்டனர். எத்தனை வாக்கு வேறுபாட்டில் வென்றார் தெரியுமா? 37! முப்பத்தேழே வாக்குகள்! அந்தத் தாளைப் படித்துவிட்டு மனம் மாறியவர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் 37 வாக்குகளில் வெல்லப்பட்ட தேர்தலில், ஒரு துண்டுத்தாள் அற்பம் என்று எவன் துணிந்து கூறுவான்?

அடுத்த ஆண்டு, 1918 டிசம்பரில் பொதுத்தேர்தல். முப்பது வயது நிறைந்த பெண்களுக்கு, சில நிபந்தனைகளோடு, முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை. சின்பெயின் கட்சியின் தேர்தல் அறிக்கையை அரசின் தணிக்கை அதிகாரி கத்தரித்தார். பல பகுதிகளை வெட்டி எறிந்தார். வெட்டப்படாத மூலமும் பிழைத்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஆட்சியாளர் எந்தெந்தச் சொல்லுக்கு அஞ்சினர் என்பது விளங்கிவிடும். அறிக்கையை வெட்டலாம், ஆர்வத்தை வெட்ட முடியுமா? 105 இடங்களில் 73 இடங்கள் சின்பெயினுக்கு! டப்ளினில் வென்ற கவுன்டெஸ் மார்க்கீவிச் அப்போது ஹாலோவே சிறையில் இருந்தார். பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். கட்சியின் கொள்கைப்படி அந்தச் சபையிலே அமர மறுத்தவரும் அவரே.

தோழர்களே, வீரக்கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் கூறியவனாவேன். அந்தச் சேகரிப்புகளிலே அச்சத்தை விற்ற தாள்களும் இருக்கின்றன. 1932ஆம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் கட்சியாக இருந்தது குமன் நா கேல். டிவேலராவின் பியன்னா பாயில் கட்சி வந்தால் துப்பாக்கி ஏந்தியவனின் நிழல் உங்கள் வீட்டின்மீது விழும் என்று ஒரு சுவரொட்டி. செம்படையினரின் நிறம் நமது கொடியிலே படிய விடாதீர் என்று மற்றொன்று. மக்கள் என்ன செய்தனர்? 153 இடங்களில் 72 இடங்களை டிவேலராவுக்கு அளித்தனர். ஆளும் கட்சிக்கு 57. உள்நாட்டுப் போரிலே வென்றவர்கள், பத்தாண்டுகூட ஆகாத நிலையில், அந்தப் போரிலே தோற்றவர்களிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தனர். அந்தச் சுவரொட்டி மூட்டிய அச்சம் எவ்வளவு என்பதை இன்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் உணர முடிகிறது. அச்சம் அவ்வளவு இருந்தும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது என்பதன் பெருமையும் அப்போதுதான் விளங்குகிறது.

அந்நாட்டின் தேர்தல் முறையே துண்டறிக்கைக்குத் தனிச்சுவை கூட்டுவது. அங்கே ஒரு தொகுதிக்கு ஒருவர் அல்லர். மூவர், நால்வர், ஐவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வாக்காளர் 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எண்களால் குறிக்கிறார். நமது மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்களே, அதே முறை. அங்கே குடிமக்கள் அனைவரும் அப்படி வாக்களிக்கிறார்கள். ஒரே கட்சியில் இரண்டு, மூன்று வேட்பாளர்கள் நிற்பார்கள். ஆகவே, இந்தப் பகுதி மக்கள் 1 என்ற எண்ணை இவருக்கு இடுங்கள் என்று ஒரு தாள்; அடுத்த பகுதியிலே அதே கட்சியின் பெயரால், 1 என்ற எண்ணை அவருக்கு இடுங்கள் என்று வேறொரு தாள்! தம் வீட்டிலே இருந்தபடி பார்ப்பவருக்கு ஒன்றுதான் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தவருக்கே கட்சியின் கணக்கு தெரியும். வேட்பாளர் ஒவ்வொருவரும் வாக்காளர்களுக்கு ஓர் அறிக்கையை அஞ்சற் கட்டணமின்றி அனுப்பலாம் என்ற உரிமையும் அங்கே உண்டு. பெரிய கட்சியின் பளபளப்பான தாளும், தனித்து நிற்கும் ஏழை வேட்பாளரின் எளிய தாளும் ஒரே வாசலில் வந்து விழுகின்றன.

இந்த முறையை ஒழித்துவிட வேண்டுமென்று 1959இல் ஆளும் கட்சியே மக்கள் வாக்கெடுப்பு நடத்தியது. அதே நாளில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் டிவேலரா வென்றார். அவரது கட்சி கொணர்ந்த திருத்தமோ தோற்றது! 1968இல் மீண்டும் கேட்டனர். முன்னிலும் பெரிய அளவில் மக்கள் மறுத்தனர். தலைவரை ஏற்போம், அவர் நீட்டும் தாளையெல்லாம் ஏற்கமாட்டோம் என்று கூறத் தெரிந்த வாக்காளர்கள் அவர்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் நமக்கு மிகவும் தேவையான பாடம்.

2011ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அயர்லாந்துத் தொழிற்கட்சி ஓர் விளம்பரம் வெளியிட்டது. பேரங்காடி விளம்பரத்தின் சாயலில் அமைந்தது அது. பைன் கேல் கட்சி ஆட்சிக்கு வந்தால் பிள்ளைகளுக்கான உதவித்தொகை குறையும், குடிநீருக்குக் கட்டணம் வரும் என்று அது எச்சரித்தது. தொழிற்கட்சிக்கு 37 இடங்கள் கிடைத்தன. தேர்தல் முடிந்ததும் என்ன நடந்தது? அதே பைன் கேல் கட்சியோடு கூட்டு அமைச்சரவையில் அமர்ந்தது தொழிற்கட்சி! 2013ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் பிள்ளைகள் உதவித்தொகை குறைக்கப்பட்டது. குடிநீர்க் கட்டணமும் வந்தது. அதை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தனர். கருவூலம் வறண்டிருந்தது, கடன் கழுத்தை நெரித்தது என்று கூறச் சமாதானம் இருக்கலாம். ஆனால் அந்த விளம்பரத்தை மக்கள் மறக்கவில்லை. அது மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டது. 2016இல் தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 7 இடங்கள். 37 எங்கே, 7 எங்கே! எதிரியைச் சுடுவதற்காகத் தீட்டிய தாள், எழுதியவரையே சுட்டது.

தாளைக் காப்பது ஆபத்து என்றல்லவா இதிலிருந்து தெரிகிறது என்று கேட்கும் தோழரும் இங்கே இருக்கக்கூடும். நமது பழைய அறிக்கையை மாற்றார் எடுத்துக் காட்டினால் நமக்குச் சங்கடமாயிற்றே என்பார் அவர். தோழரே, சங்கடம் தாளிலே இல்லை. கொடுத்த வாக்குக்கும் நடந்த நடப்புக்கும் இடையே உள்ள இடைவெளியிலே இருக்கிறது. தாளை எரித்தால் இடைவெளி மறையுமா? நமது தாளை நாம் வைத்திருந்தால், அடுத்த அறிக்கை எழுதும்போது அது நமது கையைப் பிடித்து நிறுத்தும். நாம் எறிந்துவிட்டால், மாற்றார் வைத்திருப்பார். அப்போது அது நமது கழுத்தைப் பிடிக்கும்!

பெல்பாஸ்ட் நகரிலே லினன் ஹால் என்றோர் நூலகம் இருக்கிறது. 1788இல் தோன்றியது. 1968இல் அதன் நூலகர் கையிலே யாரோ ஒருவர் குடியுரிமை இயக்கத்தின் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார். அவர் அதைக் கசக்கி எறியவில்லை, எடுத்து வைத்தார். அந்த ஒரு தாளிலிருந்து வளர்ந்த அரசியல் சேகரிப்பில் இன்று லட்சக்கணக்கான பொருள்கள் உள்ளன. அந்த ஊரிலே ஆண்டுக்கணக்கில் குண்டு வெடித்தது, குருதி கொட்டியது. ஒரு தெருக்காரர் மறு தெருவிலே நடக்க அஞ்சினார். அத்தகைய ஊரிலே இரு தரப்புத் தாள்களும் ஒரே கூரையின்கீழ் அடுக்கி வைக்கப்பட்டன. எங்கள் தாள் மட்டும் இருக்கட்டும் என்று அந்த நூலகம் எண்ணியிருந்தால், அது இன்னொரு கட்சி அலுவலகமாகியிருக்கும், வரலாற்றுக்கு வீடாகியிருக்காது.

ஆகவே, இந்தப் படிப்பகத்துத் தோழர்களை ஒன்று கேட்கிறேன். ஓர் அலமாரி ஒதுக்குங்கள். தேர்தல் வரும்போது நமது அறிக்கைகளில் இரண்டு படி, மாற்றார் அறிக்கைகளில் இரண்டு படி எடுத்து வையுங்கள். நம்மைத் திட்டி எழுதியதையும் வையுங்கள். திட்டியது பொய்யா மெய்யா என்பதைக் காலம் சொல்லட்டும். குண்டூசி குத்தாதீர்கள், துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். பசைநாடா ஒட்டாதீர்கள், மஞ்சள் கறை படியும். மடிப்பை நீக்கி, வெயில் படாத இடத்தில் பரப்பி வையுங்கள். எந்த ஊரில், எந்த நாளில், எவர் கையிலிருந்து கிடைத்தது என்பதைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். நாளும் ஊரும் தெரியாத தாள், பெயர் சொல்லத் தெரியாத சாட்சியைப் போன்றது. அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் உள்ள அடிவரியைக் கிழிந்துபோக விடாதீர்கள். அந்த வரிதான் தாளின் முகவரி.

நாளை நமது பிள்ளைகள் இந்தப் படிப்பகத்துக்கு வருவார்கள். நீங்கள் என்ன சொல்லி வாக்குக் கேட்டீர்கள் என்று நம்மைக் கேட்பார்கள். நினைவில்லை என்று சொல்லித் தலை குனியப் போகிறோமா? அலமாரியைத் திறந்து, இதோ, இதைத்தான் சொன்னோம், இவ்வளவு செய்தோம், இவ்வளவு செய்யத் தவறினோம் என்று தாளை எடுத்து நீட்டப் போகிறோமா?

நீட்டக்கூடிய துணிவு உள்ள இயக்கத்துக்கே நாளையும் வாக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.