கணினிக்குப் பின்னால் ஓர் அக்கா

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் காலையில் சீருடைப் பிள்ளைகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். இன்று பல அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. கணினி வந்தால் போதுமா?

டெல்லி கல்காஜியில் 1999-ல் சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்காகக் கணினி வைத்தவர் சுகதா மித்ரா. சொல்லித்தர ஆளில்லை, பிள்ளைகளே பழகிக்கொண்டார்கள்.

பிறகு அவர் நம் பக்கம், சுனாமி தாக்கிய காளிகுப்பம் வந்தார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்குக் கணினியில் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடம்! விபரீத ஆசைதான். தொடக்கத்தில் மதிப்பெண் மிகச் சொற்பம். தாங்களாகவே படித்து நூற்றுக்கு 30 அளவுக்கு வந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது மித்ரா, அந்தப் பிள்ளைகளோடு விளையாடும் ஓர் அக்காவை உதவிக்கு வைத்தார். கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். அந்தப் பாடம் அவருக்கும் தெரியாது. பின்னால் நின்று, "அட, எப்படிச் செஞ்சே? இன்னொரு தடவை காட்டு" என்கிற மாதிரி பாட்டிபோல் வியந்ததுதான் அவர் செய்தது. மதிப்பெண் 50-ஐத் தொட்டது. மௌனத்தால் போதித்தவர் ரமணர் என்பார்கள். இங்கே பலித்தது பேச்சு!

இந்தக் காளிகுப்பம் ஆய்வு 2010-ல் வெளியானது. கணினி தெரியாத பெற்றோரே, இன்று மாலை பிள்ளையிடம், "என்ன செஞ்சே, காட்டு" என்று கேளுங்கள்.