கெட்டுப்போன தொக்கையும் மேடைக்குக் கொண்டு வாருங்கள்

(மத்திகிரியில் மகளிர் குழுக்கள் கூடிய நாளில் ஒரு குழுவின் ஊக்குநர் பேசியது)



அழைப்பிதழில் ‘குழுக்களின் அனுபவப் பகிர்வும் கற்றலும்’ என்று போட்டிருக்கிறது. நல்ல தலைப்பு. மேடையைப் பார்த்தேன். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி பதினொன்று. அதில் உட்கார்ந்திருப்பவர்களில் மாதாமாதம் குழுவில் சேமிப்பு கட்டுகிறவள் நான் ஒருத்திதான். நீங்கள் எல்லோரும் கீழே. காலை பத்து மணியிலிருந்து உங்களுக்குக் கொடுத்த வேலை கைதட்டுவது. இப்போது மணி பன்னிரண்டரை. இதுவரை யார், யாரிடம், எதைக் கற்றுக்கொண்டோம்?

கோபமாகத்தான் பேசுகிறேன். ஏனென்றால் இது வேறு ஏதோ ஊர் இல்லை, மத்திகிரி. 1989-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டம்பரில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். எந்த மாவட்டத்தில்? தர்மபுரியில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதற்கு முன்னால் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் நம் மத்திகிரியும் தர்மபுரிதான். மாநிலம் முழுக்க ‘மகளிர் திட்டம்’ என்று பேசத் தொடங்கியது 1997-க்குப் பிறகு. அதாவது மற்ற ஊர்க்காரர்கள் குழு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நம் மாவட்டத்தில் ஒருத்தி மரத்தடியில் சாக்கு விரித்துச் சேமிப்பு வசூலித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், 1980-களின் நடுவில், மைராடா என்ற தொண்டு நிறுவனம் பெரிய பெரிய கூட்டுறவுச் சங்கங்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. சங்கங்கள் உடைந்தன. பெரிய ஆட்கள் கையில் சங்கம், சின்ன ஆட்கள் கையில் கடன். அப்போது ஜனங்களே சொன்னார்கள்: ‘அந்தச் சங்கத்துக்குத் திருப்பிக் கட்ட மாட்டோம், ஒருவரை ஒருவர் நம்புகிற நாங்கள் சிலபேர் சேர்ந்தால் எங்களுக்குள் கட்டுவோம்’ என்று. குழு பிறந்தது அங்கே. நபார்டு வங்கி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அதற்குப் பின்னால். 1992-ல் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்ததும் பின்னால்தான். ஆக, தோற்றுப்போன ஒரு சங்கத்தின் கதையை யாரோ மூடி மறைக்காமல் சொன்னதால்தான் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று காலை முதல் மேடையில் ஒரு தோல்வியாவது காதில் விழுந்ததா? ராகி மால்ட் விற்ற கதை, சணல் பை விற்ற கதை, சிறந்த குழு, கேடயம், போட்டோ. என் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு வருடம் தக்காளி விலை அடிமட்டத்துக்குப் போனது. ராயக்கோட்டைப் பக்கம் தோட்டத்திலேயே பறிக்காமல் விட்டார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு கூடை வாங்கித் தொக்கு போட்டோம். அறுபது பாட்டில். லேபிள் ஒட்டினோம். அதில் என் மகள் வரைந்த தக்காளி படம் வேறு. பத்தாவது நாள் இராத்திரி ‘டப்’ என்று ஒரு சத்தம். பூனை என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் மூடி தெறித்து, அலமாரி முழுக்கச் சிவப்பாக வழிந்திருக்கிறது, புளித்த வாடை. ஒவ்வொன்றாக நாற்பது பாட்டில் போயிற்று. தப்பு எங்களுடையதுதான். பாட்டிலைக் கழுவினோம், வெயிலில் காயவைக்கவில்லை. எண்ணெய்ச் செலவைக் குறைக்கப் பார்த்தோம். தண்ணீர் வற்றுவதற்கு முன்னால் அடுப்பிலிருந்து இறக்கினோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் கெலமங்கலம் பக்கத்து அக்கா ஒருவரோடு பந்தியில் உட்கார்ந்தேன். அவர்கள் குழுவுக்கும் இதே கதை, எங்களுக்கு ஒரு வருடம் முன்னால்! அதற்குப் பிறகு எண்ணெய் மேலே மிதக்கிற வரை கிண்ட வேண்டும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் இதே மாதிரி இரண்டு கூட்டத்தில் அவரும் நானும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறோம். அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தொக்கு கெட்டதைச் சொன்னால் அடுத்த கடன் வராதோ என்று அவருக்குப் பயம்.

இன்னொன்று. ஒரு வங்கிக் கிளையில் எங்கள் குழுவுக்கு ஐந்து லட்சம் கடன் கேட்டபோது, முதலில் ஐம்பதாயிரம் பிக்சட் டெபாசிட் போடச் சொன்னார்கள். நகையைக் கொண்டு வா என்கிற மாதிரி முகம். தலையாட்டிவிட்டு வந்தோம். பக்கத்துத் தெருக் குழுவின் பிரதிநிதி, எட்டாவது படித்தவர், சொன்னார்: ‘குழுக் கடனுக்குப் பத்து லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே இருக்கிறது. போய்க் கேளு.’ போய்க் கேட்டோம். டெபாசிட் பேச்சு அதோடு நின்றது. எத்தனை பயிற்சிக்குப் போயிருக்கிறேன், எத்தனை பை, எத்தனை பேனா வாங்கியிருக்கிறேன்! எனக்கு உபயோகப்பட்ட பாடம் குழாயடியில் கிடைத்தது.

மேடையில் இருக்கிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகப் போவதில்லை. நம் பக்கத்துக் கணக்கையும் திறக்கிறேன். மாதம் இரண்டு கூட்டம் நடத்த வேண்டியவள் நான். கொரோனாவுக்குப் பிறகு மூன்று மாதக் கூட்டத்துக்கு ஒரே சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். தீர்மான நோட்டைப் பார்த்தால் தெரியும்: ஆறு கூட்டம், ஒரே பேனா, ஒரே மை. ‘கல்வி, சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று ஆறு முறை எழுதியிருக்கிறேன். ஒன்றும் விவாதிக்கவில்லை.

ஏன் நடத்தவில்லை? எங்கள் குழுவில் ஐந்து பேர் கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஒருத்திக்கு முதல் ஷிப்டு, இன்னொருத்திக்கு நைட். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓ.டி. குழு விதிகளை எழுதிய காலத்தில் நாம் ராகிக் காட்டில் இருந்தோம், மத்தியானம் மூன்று மணிக்கு மரத்தடிக்கு வர முடிந்தது. மத்திகிரி பேரூராட்சி 2011-ல் ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தது, 2019-ல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது. கூட்டத்தின் நேரம் மட்டும் இன்னும் மரத்தடியிலேயே இருக்கிறது.

ஒரு கூட்டம் மட்டும் இந்த ஊரில் தவறாமல் நடக்கிறது. எது? வாரக் கடன் வசூல் கூட்டம். காலை ஏழு மணிக்கு நுண்கடன் கம்பெனித் தம்பி பைக்கில் வந்துவிடுகிறான். வட்டமாக உட்கார வைக்கிறான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் சட்டம் வந்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் நம் குழுவில் இருக்கிற ஒருத்திக்கு வெளியே மூன்று இடத்தில் வாரக் கடன் இருப்பது நமக்குத் தெரியாமல் போனதே, அதற்கு எந்தச் சட்டத்தைக் கொண்டு வருவது? அவள் வாய்விட்டுச் சொல்ல ஒரு கூட்டம் இல்லை. இருந்த கூட்டத்தை நான் பேனாவால் நடத்திவிட்டேன்.

இன்னொரு கொடுமை, மொழி. இங்கே இருக்கிறவர்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் எத்தனை, கன்னடம் பேசுகிறவர் எத்தனை? கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பந்தல் தூக்கும். மேடையில் மைக்கைப் பிடித்ததும் எல்லோரும் பத்திரிகைத் தமிழில் இறங்குகிறோம். சந்தையில் மூன்று பாஷையில் பேரம் பேசுகிற அக்கா, இங்கே வந்தால் ஊமையாகிவிடுகிறாள்.

ஆகவே ஐயா, அம்மா, அமைப்பாளர்களே: மத்தியானத்துக்கு மேல் இந்தப் பதினொரு நாற்காலியும் கீழே இறங்கட்டும். கேடயம் சாயங்காலம் கொடுக்கலாம், ஓடிப் போகாது. ஒவ்வொரு குழுவும் போன வருடம் எதில் பணம் விட்டது, எந்தக் கடன் வராக்கடன் ஆனது, எந்தப் பொருள் திரும்பி வந்தது என்று அதை மட்டும் சொல்லட்டும். அடுத்த கூட்டம் ஷிப்டு மாறுகிற நேரம் பார்த்து வைக்கப்படட்டும்.

இதோ என் தீர்மான நோட்டு. அந்த ஆறு பக்கத்தையும் மடித்து வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பாருங்கள். தம்பி, மைக் வயர் எட்டுமா? மூன்றாவது வரிசையில் மஞ்சள் பை வைத்திருக்கிற அக்கா, ஆமாம், உங்களைத்தான். போன வருடம் வாங்கிய இரண்டு மாடும் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். தெலுங்கிலேயே சொல்லுங்கள்.