நாணயமும் நம்பிக்கையும்



காசுக்கும் தமிழ் வழக்கில் நாணயம் என்றே பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். காசை ஒப்படைப்பவன், வாங்குவோரின் சொல்லை நம்பியே ஒப்படைக்கிறான். ஆகவே, பணத்தைப் பற்றிய கவலை எழுந்த உடனே ஆட்டங் காண்பது அந்த நம்பிக்கைதான்! இவ்வுண்மையைச் சென்னை நகரம் 1906-ஆம் ஆண்டில் பெருவிலை கொடுத்துக் கற்றது.

அந்நாளில் சென்னையில் கொடிகட்டிப் பறந்த ஆங்கிலேய வாணிக நிறுவனம் அர்பத்நாட்டு என்பது. வங்கி எனப்பெறும் வைப்பகத் தொழிலையும் அது நடத்தியது. நடத்துவோர் வெள்ளையர், தலைவரோ ஆங்கில அரசின் பட்டம் பெற்றவர். இவர்களிடம் இட்ட பணம் பாழ்போகாது என்று மக்கள் நம்பினர். ஓய்வூதியம் பெற்ற முதியோரும் கைம்பெண்டிரும் அலுவலரும் தம் வாழ்நாள் தேட்டத்தை அங்கே இட்டு வைத்தனர். 22-10-1906 அன்று அந்நிறுவனம் நொடித்தது! இலண்டனிலிருந்த பங்காளி மக்பாடியன் ஆடிய விலையேற்ற இறக்கச் சூதும், அதில் விளைந்த இழப்பை வெளியே தெரியாமல் மூடிவைத்த கரவுமே அதற்குக் கரணியங்கள். மக்பாடியன் தற்கொலை செய்துகொண்டார். தலைவர் சார்சு அர்பத்நாட்டு 18 திங்கள் கடுங்காவல் பெற்றார். ஆயினும், சிறைக் கதவு மூடியதால் ஏழையின் பெட்டி நிறைந்துவிடுமா?

வைப்பகம் எதுவும் மக்கள் இட்ட பணம் முழுவதையும் பூட்டி வைப்பதில்லை. ஒரு பங்கைக் கையிருப்பாக நிறுத்தி, மிகுதியைக் கடனாகக் கொடுக்கிறது. கடன் திரும்பிவர ஆண்டுகள் ஆகும். பணம் இட்டவனோ நாளையே கேட்கலாம். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நேர்மையான வைப்பகமும் திணறும். ஒன்று வீழ்ந்ததைக் கண்டவர் மற்றொன்றின் வாயிலிலும் போய் நிற்பர். அவர்களை அறிவிலிகள் என்று இகழலாமா? கணக்கு மூடிக் கிடக்கும்பொழுது நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய அவர்களுக்கு வழியேது? மறைப்பே அச்சத்தின் தாய்!

அவ்வீழ்ச்சிக்குப் பின் சென்னை மக்கள் வாளா இருந்துவிடவில்லை. வழக்கறிஞர் வி. கிருட்டிணசாமி ஐயரும் நகரத்தார் சிலரும் முயன்று, உள்நாட்டார் பங்குகொண்டு நடத்தும் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தனர். 15-8-1907 அன்று அது பணி தொடங்கியது. இழந்த நம்பிக்கையைப் புலம்பி மீட்க முடியாது. பொறுப்புடைய அமைப்பைக் கட்டியே மீட்க முடியும்.

சட்டமோ மிகக் காலந்தாழ்ந்தே விழித்தது. 1960-இல் கேரளத்தின் பாலா நடுவண் வைப்பகம் மூடப்பெற்ற பின்னரே, 1961-இல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1-1-1962 முதல், ஒருவர் ஒரு வைப்பகத்தில் இட்ட பணத்தில் 1,500 உருபா வரை காப்புக் கிடைத்தது. 2020-இல் அவ்வரம்பு 5 இலக்கம் உருபாவாக உயர்த்தப்பெற்றது. வைப்பகம் வீழ்ந்தாலும் தன் பணம் திரும்பும் என்று அறிந்தவன், வீண் செய்தி கேட்டு விடியுமுன் ஓடிப்போய் வரிசையில் நிற்கமாட்டான்.

ஆனால், மிகைவட்டி காட்டி அழைக்கும் தனியார் பணநிறுவனங்களுக்கு அக்காப்பு இல்லை. 1990-களில் தமிழ்நாட்டில் அத்தகையன பல கவிழ்ந்து, எண்ணற்ற குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தின. அதன் பின்னரே 1997-இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தைத் தமிழ்நாட்டரசு இயற்றியது. இங்கும் வெள்ளம் வந்தபின்தான் அணை!

பெருமக்களே! 1906-இல் பட்டத்தையும் பகட்டையும் நம்பி மக்கள் ஏமாந்தனர். இன்று பகட்டின் உருவம் மாறியிருக்கிறது, அவ்வளவே. பணத்தை இடுமுன் கேளுங்கள்: கணக்கு எங்கே? காப்பு உண்டா? பொறுப்பு யாருடையது? இக்கேள்விகளுக்கு முகஞ்சுளிக்கும் நிறுவனத்தின் படியை மிதியாதீர்கள். கேட்கத் தெரிந்த மக்களிடையேதான் நாணயம், இருபொருளிலும், நிலைத்து நிற்கும்!